ஏழுமலையிடம் நீ கேட்கப் போகிற கையெழுத்து

தினேஷ்,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பாள் உன் அம்மா. கேட்டால் நீ 'ஆச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், அதோடு நமக்குள் பேச்சும் முடிந்துவிடும். நேரில் பேசலாம் என்றால் எனக்குக் காது மந்தம். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துகிறேன். நான் கத்துகிறேன் என்று நீ கத்துவாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டு நம்மைக் கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மா எர்ணாவூருக்கு உனக்கு மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வருவாள். அந்தப் பையில் இதுவும் இருக்கும். குழம்பை முதலில் சாப்பிடு, பிறகு படி. படித்துவிட்டு ஒளித்து வைக்க வேண்டியதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, உன் மேனேஜரிடமும் காட்டு. எனக்கு வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தண்டையார்பேட்டை வந்திருந்தபோது, நான் தூங்குவதாக நினைத்து அடுப்படியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். காது மந்தம்தான், ஆனால் கேட்கக் கூடாத பேச்சு மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கும். "ஏழுமலை மாமாகிட்ட நான்தான் பேசணுமாம்மா. அவரு எழுதிக் குட்த்துட்டு வேலைய வுட்டு நின்னுக்கினா, அவரு பொண்ணு ரேவதிய ஸ்டோர்ஸ்ல எடுத்துக்கறோம்ன்றாங்கோ. இந்த வாரம் எனுக்கு நைட் ஷிஃப்டு, அடுத்த திங்கக்கெயம பேசிடறேன்னு சொல்லிக்கீறேன். இத்த முடிச்சுக் குட்த்தா என்ன கம்பெனி ரோல்ல போட்டுடுவாங்கோ" என்றாய். உன் அம்மா, "நல்லது தானே நைனா, அந்தப் பொண்ணும் படிச்சிட்டு சும்மா தானே கீது" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டில் உன்னைப் 'பர்மனென்ட்' என்று சொல்ல வேண்டுமென்று அவளுக்கு ஆசை. நான் கண்ணை மூடியபடியே கிடந்தேன். எழுந்தால் கத்தியிருப்பேன்.

இதை வெளியாள் படித்தாலும் விளங்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கிற அந்த இரும்பு வார்க்கும் கம்பெனியில் நான் கிரேன் ஓட்டினேன். கொட்டகை உச்சியில் தண்டவாளத்தின்மேல் ஓடுகிற கிரேன், அதில் தொங்குகிற ஒரு கூண்டு, அந்தக் கூண்டுக்குள் நான். கீழே நின்று பாரத்துக்குச் சங்கிலி மாட்டி, கை காட்டி வழி சொல்கிறவனைக் கலாசி என்போம். என் கலாசி ஏழுமலை. அந்த இரைச்சலில் வாயால் பேசி ஒரு புண்ணியமும் இல்லை. கட்டை விரலைத் தூக்கினால் 'தூக்கு', உள்ளங்கையைக் கவிழ்த்தால் 'இறக்கு', முஷ்டியை மடக்கினால் 'நில்'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே அவன் என்னிடம் சினிமாக் கதை சொல்வான். கோபம் வந்தால் கையாலேயே திட்டுவான், அவன் எந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்கிறான் என்றுகூட எனக்குத் தெரியும். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். மாமு என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு உறவே ஆகிவிட்டான்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தையெல்லாம் உள்ளே விடுவார்கள் இல்லையா? நீ எப்போதும் பொரிக்காக அழுவாய். அன்றைக்கு கிரேனுக்குப் பூசணிக்காய் உடைக்கிற வேலை ஏழுமலையுடையது. உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டுதான் உடைப்பான். பிறகு நீ வளர்ந்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாய். சேர்ந்த புதிதில் ஒருநாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "அந்த ஆளு அத்தினி பேரு முன்னாடி என்ன அட்ச்சிட்டாரு" என்றாய். தூக்கின பாரத்துக்குக் கீழே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தாயாம். அடித்த அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை என்று அவன் பெண்டாட்டி என்னிடம் சொன்னாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்போது நான் எழுதிக் கொடுத்த கதைக்கு வருகிறேன். நான் உனக்காக வேலையை விட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, இப்போதும் அதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு மேனேஜர் என்னை ஏசி அறைக்குக் கூப்பிட்டார். இப்போது இருப்பவர் இல்லை, அவருக்கு முந்தியவர். அத்தனை வருட வேலையில் அந்த அறையில் எனக்கு நாற்காலி போட்டது அன்றைக்குத்தான். சாஸரோடு காபி வந்தது. "உங்க முட்டி எப்படி இருக்கு?" என்றார். என் முட்டியைப் பற்றி என் முட்டியைவிட அவர்தான் அதிகம் கவலைப்பட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னும் ஏழு வருடம் இந்த ஏணியில் ஏறி இறங்கி என்ன செய்யப் போகிறீர்கள், நீங்களே விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் பையனை எடுத்துக்கொள்கிறோம் என்றார். நீ ஐடிஐ முடித்துவிட்டு வேலை இல்லாமல் தெருமுனையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தாய். காபி ஆறுவதற்குள் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வயது முடிந்து ரிடையர் ஆகிறவனுக்கு மாலை போட்டு, பட்டாசு வெடித்து, கம்பெனி வண்டியில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கு அதெல்லாம் கிடையாது. கடைசி நாள் நான் கூண்டில் இருந்தபோது கீழே ஏழுமலை கட்டை விரலைத் தூக்கினான். பாரம் எதுவும் இல்லையே என்று பார்த்தால், கொக்கியில் ஒரு சாமந்தி மாலையை மாட்டியிருந்தான். மெதுவாக மேலே தூக்கி, எட்டி எடுத்து, நானே என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இறங்கி வந்தபோது அவன் அங்கே இல்லை, கக்கூஸுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்கு முழுக்கத் தெரியாது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அப்பா அங்கே இங்கே போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நான் வேலை தேடினேன். ஐம்பத்தொரு வயது ஒரு வயதா? கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. வள்ளூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேனுக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கேட்டில் இருந்தவன், "பெர்சு, யாரப் பாக்கணும்?" என்றான். வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். "யாருக்கு, புள்ளைக்கா?" என்றான். உள்ளே ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், நல்ல மரியாதையாகத்தான் பேசினாள். "உங்க எக்ஸ்பீரியன்ஸ் ரொம்ப அதிகம் சார்" என்றாள். சந்தோஷப்பட்டுவிட்டேன். "அதான் சார் பிரச்சனை. இந்தப் போஸ்ட்டுக்கு அவ்வளவு வேணாம்" என்றாள். அனுபவம் வேண்டுமாம், அது சேருவதற்கு ஆகிற வயது மட்டும் வேண்டாமாம். இன்னோர் இடத்தில் கிட்டத்தட்ட எடுத்தே விட்டார்கள், டாக்டர் சோதனை மட்டும்தான் பாக்கி என்றார்கள். பிரஷர் இருந்தால் எடுக்க மாட்டார்களே என்ற பயத்திலேயே எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது. அந்த டாக்டர் மூன்று முறை பார்த்தார், பாவம். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஏறியது.

தண்டையார்பேட்டையில் நம் தெருவுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கிறாரே, அவரிடமும் கேட்டேன். அவர் ஒருவர்தான் என்னிடம் உண்மையைச் சொன்னார். "தப்பா நென்ச்சிக்காதபா. நீ நல்லா வேல செய்வே, எனுக்குத் தெரியும். ஆனா உன்ன நான் திட்ட முடியாதுபா. இந்தப் பசங்கள 'டேய் கயித'ன்னு நாலு வாட்டி திட்டினாத்தான் எனுக்கு வேல ஆவும். உன்னப் பாத்து அப்டிச் சொல்ல எனுக்கு வாய் வருமா? நீ இங்க இருக்கசொல்ல அவுங்களையும் திட்ட வராது" என்றார். 'உனக்கு என்ன வயது?' என்று அவரைக் கேட்டேன். அறுபத்தாறாம். உன்னை யார் வேலைக்கு வைத்தது என்றேன். "நான் மொதலாளிபா!" என்று சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார், இரண்டு பேரும் குடித்தோம். வேலை கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு மனசு பாரமாக இல்லை.

கடைசியில் செக்யூரிட்டி ஏஜென்சிதான். அங்கே வயதானவர்களை எடுப்பார்கள், ஆனால் வயதானவர்களாகத் தெரியக் கூடாது. "தலைக்கு டை அட்ச்சிக்கினு வாங்க, பார்ட்டிங்கோ கம்ப்ளெய்ன்ட் பண்றாங்கோ" என்றான் ஏஜென்சிக்காரன். உன் அம்மா பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எனக்குச் சாயம் பூசினாள். பூசும்போது சிரித்துக்கொண்டே இருந்தாள், மறுநாள் இரண்டு காதும் வீங்கி முகம் பன் மாதிரி ஆனதும் அழுதாள். நீ கேட்டபோது குளவி கொட்டிவிட்டது என்றோம். இரண்டு காதிலும் கொட்டுகிற குளவி எங்கே இருக்கிறது? நீயும் அதற்குமேல் கேட்கவில்லை. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பகல் ஷிஃப்ட். பெண் பார்க்கப் போன இடத்தில் நீ, "அப்பா ரெஸ்ட்ல இருக்காரு" என்று சொன்னாய். நான் அங்கே இருந்த சோபாவில் நிஜமாகவே ரெஸ்ட்டில் இருக்கிறவன் மாதிரி சாய்ந்துகொண்டேன்.

முதலாளிகளெல்லாம் ராட்சசர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வயதானவன் முட்டி வலி என்று லீவு போடுவான். மேலே ஏற மாட்டான். 'அந்தக் காலத்தில் நாங்கள்' என்று எதற்கெடுத்தாலும் ஆரம்பிப்பான், நான் ஆரம்பிக்கிற மாதிரி. அவனுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் இரண்டு பையன்களைக் கான்ட்ராக்டில் வைத்துக்கொள்ளலாம். அது அவர்கள் கணக்கு. 'எங்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை, போய்விடு' என்று நேராகச் சொல்லட்டும். சண்டை போடலாம், யூனியனுக்குப் போகலாம், ஒன்றும் முடியாவிட்டால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். ஆனால் ஒருவனும் அப்படிச் சொல்வதில்லை. 'உங்க நல்லதுக்குத்தான்' என்கிறான். முட்டியைக் கேட்கிறான், பிள்ளையைக் கேட்கிறான். அந்த நல்ல வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, நைனா. திட்டுக்கூட அவ்வளவு களைப்பாக இருக்காது.

சரி, எனக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? உன்னைக் கம்பெனியில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். முதலில் டிரெயினி என்றார்கள். பிறகு கான்ட்ராக்டர் பெயரில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். பிறகு கான்ட்ராக்டர் மாறினான், நீ மறுபடி புது ஆள் ஆனாய். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. இன்று உன்னை சூப்பர்வைசர் என்கிறார்கள், பத்துப் பேரை மேய்க்கிறாய், ஆனால் உன் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருப்பது இன்னும் கான்ட்ராக்டர் பெயர்தான். அந்த அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீ போய் ஏழுமலையிடம், 'மாமா, ரேவதியை எடுத்துக்கொள்வார்கள்' என்று சொல்லப் போகிறாய். உன்னைப் பார்த்தாலே அவனுக்கு அந்த வாக்கின் லட்சணம் தெரியாதா? தெரியும். இருந்தும் ஏன் உன்னை அனுப்புகிறார்கள் என்று நான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் ஏழுமலையைப் பார்த்தேன். கோபப்படாதே, நானாகத்தான் போனேன். திருவொற்றியூர் தேரடி பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தோம். "மாமு, எவனாவது வந்து எழுதிக் கேட்டா குட்த்துடாதே. நான் பட்டது போதும்" என்றேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை. "மேனேஜரு என்ன ரெண்டு வாட்டி கூப்ட்டுக் கேட்டுட்டாரு மாமு. காபியெல்லாம் குட்த்தாரு. முடியாதுன்னுட்டேன். எனுக்கு இன்னும் அஞ்சு வருசம் சர்வீசு கீது, நான் ஏன் போவணும்னு கேட்டேன். அதுக்கப்பாலதான் உன் புள்ளைய அனுப்பறாங்கோ, திங்கக்கெயம வருவான்னு கம்பெனில பேசிக்கிறாங்கோ" என்றான். "அப்ப அவனாண்டையும் முடியாதுன்னு சொல்லிடு, முட்ஞ்சுது" என்றேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "மேனேஜராண்ட சொல்லலாம். தினேஷாண்ட எப்டி மாமு சொல்றது?" என்றான். "வந்து மாமான்னு நிப்பான். கல்யாணம் வேற வெச்சிக்கினு கீறான். நான் முடியாதுன்னு சொல்லி, அதுனால அவன் வேலைக்கு இன்னாவது ஆச்சுன்னா, உன் மூஞ்சில நான் எப்டி முயிக்கிறது? வரட்டும், கையெயுத்து போட்டுத் தந்துடறேன்." ரேவதிக்கு வேலை தருவார்கள் என்று நம்புகிறாயா என்று கேட்டேன். "அதெல்லாம் நம்பல மாமு. அது படிச்ச பொண்ணு, அதுக்கு ஓணும்ன்ற வேலைய அதுவே தேடிக்கும்" என்றான். நான் கத்தினேன், கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

உனக்கு இப்போது புரிகிறதா? அவன் தன் மகளுக்காக வேலையை விடப் போவதில்லை, என் மகனுக்காக விடப் போகிறான். அது உன் மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். தனக்குச் சொன்ன 'முடியாது' உனக்கு வராது என்று தெரிந்துதான் உன்னை அனுப்புகிறார். 'நம்ம மனுசன், நான் சொன்னால் கேட்பார்' என்று அன்றைக்கு அடுப்படியில் பெருமையாகச் சொன்னாயே, அந்தப் பெருமையைத்தான் அவர் எடுத்துப் பயன்படுத்துகிறார். ஏழுமலைக்கு ஐம்பத்துமூன்று வயது. அவனும் வள்ளூருக்குப் போவான், டாக்டரிடம் போவான், காது வீங்கி வந்து நிற்பான். அவனுக்கு என்ன நடக்கும் என்று எனக்கு ஒவ்வொரு வாசலாகத் தெரியும். அவனால் உன்னிடம் முடியாது என்று சொல்ல முடியாது, தினேஷ். அதனால் நீ கேட்கக் கூடாது. 'கேட்டேன், அவர் மறுத்துவிட்டார்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதே. கேட்டால் அவன் மறுக்க மாட்டான். மேனேஜரிடம் நேராகப் போய், 'என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள்' என்று சொல்.

அப்படிச் சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து வரலாம் என்று எனக்குத் தெரியும். கம்பெனி ரோல் கிடைக்காது. கல்யாணத்துக்கு முன்பு இதெல்லாம் தேவையா என்று உன் அம்மா என்னைப் பிடித்து உலுக்குவாள். பெண் வீட்டில் நானே வந்து பேசுகிறேன், ரெஸ்ட்டில் எல்லாம் இல்லை, கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது நான்தான். என் வேலையைக் கொடுத்து வாங்கினேன். அதனால், போனால் போகட்டும் என்று சொல்கிற உரிமை இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை, எனக்கு இருக்கிறது. போனால் போகட்டும். உனக்கு இருபத்தேழு வயதுதான் ஆகிறது. எந்தக் கேட்டிலும் உன்னை யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க மாட்டார்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். டீக்கடையிலிருந்து கிளம்பும்போது ஏழுமலையின் சட்டைப் பையில் ஒரு புதுப் பேனா இருந்தது. அவன் எந்தக் காலத்தில் பேனா வைத்திருந்தான்? இது என்னடா புதிதாக என்று கேட்டேன்.

"திங்கக்கெயம தேவப்படும்ல" என்றான். "புள்ளையாண்ட பேனா கேட்டு வாங்கிப் போட்டா, அது மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கும் மாமு."

அப்பா